கணினியில் கிடார் பதிய ஆடியோ இன்டர்ஃபேஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கிடாரைச் சில மாதங்கள் பழகியவர்களுக்கு, வாசிப்பதைப் பதிந்து கேட்க வேண்டும் என்ற ஆசை எப்படியும் வந்துவிடும். அப்போது பெரும்பாலோர் முதலில் செய்வது, கிடார் கேபிளின் முனையில் ஒரு சின்ன அடாப்டரை மாட்டி, மடிக்கணினியின் மைக் துளையில் செருகிப் பார்ப்பதுதான். ஒலி வரத்தான் செய்யும். ஆனால் அது தகரத்தைத் தட்டியதுபோல் மெலிந்து, பின்னால் இரைச்சலோடு, கம்பியை மீட்டிய பின் சற்றுப் பொறுத்தே காதில் விழும். இதில் கிடாரின் குறையும் இல்லை, கணினியின் குறையும் இல்லை. அந்தத் துளை ஹெட்செட் மைக்கில் பேசுவதற்காக அமைக்கப்பட்டது. கிடாரின் பிக்கப் தரும் மின்னலையை வாங்கிக்கொள்ளவும், அதை வாசிக்கும்போதே திருப்பிக் கேட்க வைக்கவும் அதற்குத் தெரியாது.

அந்த இரண்டு வேலைகளையும் செய்யும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். கிடாரையோ மைக்கையோ அதில் செருகுகிறோம். அது மின்னலையை எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினியிலிருந்து வரும் எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருகிறது. கடையில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில், கிடார் வாசிப்பவருக்கு உண்மையில் வேறுபாட்டைத் தருபவை இரண்டு: கிடாருக்கென்றே அமைந்த உள்ளீடும், டிரைவர் என்னும் மென்பொருளும். இரண்டுமே விளம்பரத்தில் பெரிதாக வருவதில்லை.

படி 1: வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஆம்ப்ளிஃபையரையோ எஃபெக்ட்ஸ் பெடலையோ திருப்பி, அதில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் காட்டானா, யமஹா டிஹெச்ஆர் வரிசை போன்ற ஆம்ப்களும், பல மல்டி எஃபெக்ட்ஸ் கருவிகளும் தாமே ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் இயங்கக்கூடியவை. அவற்றில் ஒன்று உங்களிடம் இருந்து, எலெக்ட்ரிக் கிடாரை மட்டுமே பதியப் போகிறீர்கள் என்றால், கையேட்டைப் படித்து டிரைவரை நிறுவிவிட்டு இன்றே பதியத் தொடங்கலாம், செலவே இல்லை. சில கருவிகளில் அந்தத் துளை ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க மட்டுமே பயன்படும் என்பதால், கையேட்டில் ‘யுஎஸ்பி ஆடியோ’ என்ற சொல் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டுக்கு மைக் வேண்டும் என்னும் நாள் வரும்போது தனிப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: எதை, ஒரே நேரத்தில் எத்தனையைப் பதியப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் விடை எழுதிவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். எலெக்ட்ரிக் கிடாரை நேரடியாகச் செருகி, ஆம்பின் ஒலியைக் கணினியில் மென்பொருளால் உருவாக்கிக்கொள்பவருக்கு ஒரே ஒரு கிடார் உள்ளீடு போதும். அக்கூஸ்டிக் கிடாரை மைக்கால் பதிபவருக்கு எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முள் மைக் உள்ளீடும், கண்டென்சர் மைக் இயங்க அந்தக் கேபிள் வழியாகவே தரப்படும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம் பவரும் வேண்டும். வாசித்துக்கொண்டே பாடுபவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில், தனித்தனித் தடங்களில் பதிவாக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘இரண்டு உள்ளீடு’ என்று எழுதியிருந்தாலும் அவை ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் ஒன்று மைக்குக்கு, மற்றொன்று கிடாருக்கு. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அக்கூஸ்டிக் கிடாரின் முன் இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவாகப் பதிய நினைப்பவருக்கு அது உதவாது. அதே வரிசையின் 2ஐ2 மாடலில் இரண்டு உள்ளீடுகளும் மைக்கையும் கிடாரையும் ஏற்கும். நான்கு, எட்டு உள்ளீடு உள்ள பெட்டிகள் டிரம்ஸையோ முழுக் குழுவையோ பதிபவர்களுக்கானவை. தனியாக வாசிப்பவர் ‘பின்னால் பயன்படும்’ என்று அவற்றை வாங்கினால், அந்தத் துளைகள் தூசி படிந்து கிடப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

படி 3: கிடார் உள்ளீட்டைச் சோதியுங்கள்

கிடார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பி. சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பின் மின்தடை ஏறத்தாழ 6 கிலோ ஓம். ஹம்பக்கர் வகையில் அது 8 கிலோ ஓம் அளவிலும், ஒலி வலிமை கூடியவற்றில் அதன் இருமடங்கு வரையிலும் போகும். உயர்ந்த அதிர்வெண்களில் சுருளின் தூண்டல் காரணமாக அதன் மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ், இன்னும் பல மடங்கு ஏறிவிடுகிறது. இப்படிப்பட்ட பிக்கப்பை 2 அல்லது 3 கிலோ ஓம் மட்டுமே உள்ள மைக் உள்ளீட்டில் செருகினால், நீளமான குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஓட்டைக் குடத்தில் பிடித்த கதையாகிவிடும். முதலில் காணாமல் போவது ஒலியின் மேல்பகுதி, அதாவது பிளெக்ட்ரம் கம்பியில் படும் அந்தக் கூர்மை. ஸ்டீரியோ, கீபோர்டு முதலியவற்றுக்கான லைன் உள்ளீடு பொதுவாகப் பத்து முதல் சில பத்து கிலோ ஓம் வரை இருக்கும். அதுவும் கிடாருக்குப் போதாது. பழைய வால்வு ஆம்ப்களின் கிடார் உள்ளீடு 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், என்ற அளவில் அமைந்தது. பிக்கப்பின் இயல்பான ஒலி என்று நாம் காதில் பழகியிருப்பது அந்த அளவில் கேட்பதைத்தான்.

எனவே விவரக்குறிப்பில் கிடார் உள்ளீட்டின் மின்மறுப்பு 1 மெகா ஓம் அல்லது அதற்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் முகப்பில் அந்த உள்ளீட்டுக்கு ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ பெயர் இருக்கும். சில பெட்டிகளில் கிடார் படம் போட்டிருப்பார்கள். சிலவற்றில் அது தனித் துளை. சிலவற்றில் ஒரே துளையை லைனுக்கும் கிடாருக்கும் மாற்றித் தரும் ஒரு பொத்தான். பொத்தான் உள்ள பெட்டியை வாங்குபவர்கள் அதை அழுத்த மறந்துவிடுவதும் உண்டு. நானே முதல் மூன்று வாரங்கள் லைன் நிலையிலேயே பதிந்துவிட்டு, கம்பிகள் பழசாகிவிட்டன என்று நினைத்துப் புதுக் கம்பியும் மாற்றினேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கிடார் உள்ளீடு தாங்கும் உச்ச அளவு. வலிமையான ஹம்பக்கர் பொருத்திய கிடாரில் ஓங்கி மீட்டினால், உள்ளே வரும் ஒலியின் வலிமையைக் கூட்டும் கெயின் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் சில மலிவான பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரியும். அப்படி முறிந்த அலையைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது. விவரக்குறிப்பில் கிடாருக்கான உச்ச அளவு 10 டிபியூ (மின்னலையின் வலிமையை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை குறைவு. 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் உள்ளவர்களுக்கும், மின்மறுப்பைக் குறைத்துத் தரும் பஃபர் பெடல் ஒன்றின் வழியாக எப்போதும் வாசிப்பவர்களுக்கும் மின்மறுப்புச் சிக்கல் அநேகமாக இல்லை. உச்ச அளவுதான் அவர்களுக்கு முக்கியம். பேட்டரி இல்லாத பீசோ பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக் கிடாருக்கோ 1 மெகா ஓம்கூடப் போதாமல் ஒலி ஒல்லியாகலாம். இடையில் ஒரு பிரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, வைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: ஆம்பின் பின்னால் ‘ஸ்பீக்கர்’ என்று குறித்த வெளியீட்டை ஒருபோதும் இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். அது ஸ்பீக்கரை ஓட்டும் திறனுள்ள மின்சாரம். இன்டர்ஃபேஸ் கெட்டுவிடும், வால்வு ஆம்பாக இருந்தால் ஆம்பும் சேர்ந்து கெடக்கூடும். ‘லைன் அவுட்’ என்று குறித்ததை லைன் உள்ளீட்டில் செருகலாம்.

படி 4: தாமதமும் டிரைவரும்

மென்பொருள் ஆம்பில் வாசிப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்தப் படிதான். நீங்கள் மீட்டும் ஒலி எண்ணாக மாறி, கணினிக்குப் போய், மென்பொருளில் டிஸ்டார்ஷனும் ரிவெர்பும் சேர்ந்து, மீண்டும் ஒலியாகி ஹெட்ஃபோனுக்கு வந்து சேர ஒரு சிறு நேரம் பிடிக்கிறது. இதையே லேட்டன்சி என்கிறார்கள். கணினி ஒலியைத் துளித்துளியாக அல்லாமல் சிறு பொட்டலங்களாகக் கட்டியே கையாளுகிறது. பொட்டலத்தின் அளவுக்குப் பஃபர் என்று பெயர். ஒலியை ஒரு கணத்தில் அளந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. நொடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் 128 மாதிரி கொண்ட பஃபர் நிறைய 2.7 மில்லிவினாடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 5.3 மில்லிவினாடி, அதற்கு மேல் மாற்றிகளும் டிரைவரும் தத்தம் பங்குக்குச் சில மில்லிவினாடிகளைச் சேர்க்கும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது என்பதைக் காற்றை வைத்தே கணக்கிடலாம். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் ஏறத்தாழ 9 மில்லிவினாடி தாமதத்தோடுதான் தன் கிடாரைக் கேட்கிறார், அதை அவர் உணர்வதுகூட இல்லை. ஆகவே போய்வரும் தாமதம் மொத்தம் 10 மில்லிவினாடிக்குள் அடங்கினால் பெரும்பாலோர் இயல்பாக வாசிக்கலாம். 20-ஐத் தாண்டினால் விரல் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போவதை உணர்வீர்கள்.

இந்த எண்ணைத் தீர்மானிப்பதில் டிரைவருக்குப் பெரும் பங்கு உண்டு. விண்டோஸின் பொது ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு நேராக இன்டர்ஃபேஸுடன் பேசும் ஏஎஸ்ஐஓ என்ற முறையை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. நீங்கள் வாங்கும் பெட்டிக்கு அதன் தயாரிப்பாளரே எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்கிறதா என்பதே விண்டோஸ் பயனர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மிக மலிவான சில பெட்டிகளுக்கு அப்படி ஒன்று இல்லை. ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொதுவான இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் பஃபரைக் குறைக்கும்போது ஒலி வெடிக்கத் தொடங்கும் இடம் அதில் சீக்கிரமே வந்துவிடுகிறது. மேக் கணினியில் கோர் ஆடியோ என்னும் ஒலி அமைப்பு இயங்குதளத்துடனேயே வருவதால் இந்தத் தொல்லை குறைவு. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், தனி டிரைவர் தேவைப்படாத ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ வகைப் பெட்டியாகத் தேட வேண்டும்.

பெட்டிமேல் ‘பூஜ்யத் தாமதக் கண்காணிப்பு’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் அது. செருகிய ஒலியைக் கணினிக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிடுவதால் தாமதம் இல்லை என்பது உண்மைதான். மைக்கில் பாடுபவருக்கும் அக்கூஸ்டிக் கிடார் பதிபவருக்கும் அது வரம். ஆனால் எலெக்ட்ரிக் கிடார்காரருக்கு அந்த வழியில் கேட்பது எந்த எஃபெக்டும் சேராத வெற்றுக் கிடாரின் ஒலி. மென்பொருளில் உருவாகும் டிஸ்டார்ஷன் அதில் இராது. ஆகவே அந்த வாசகத்தை நம்பி டிரைவரைக் கவனிக்காமல் விடுவது தவறு. மென்பொருள் ஆம்பில் வாசிக்கும்போது அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். இல்லையேல் வெற்று ஒலியும் எஃபெக்ட் சேர்ந்த ஒலியும் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டையாகக் கேட்கும்.

படி 5: மயங்கக் கூடாத எண்கள்

நொடிக்கு எத்தனை மாதிரி என்பதைக் குறிக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 24 ஃபிரெட் உள்ள கிடாரின் உச்சிச் சுரத்தின் அடிப்படை அதிர்வெண் சுமார் 1,319 ஹெர்ட்ஸ். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாக அடங்கிவிடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே 24,000 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். மனிதக் காதின் எல்லை 20,000. ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறது என்பதைச் சொல்லும் 24 பிட் வசதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். யுஎஸ்பி 3 என்பதும் தேவையில்லை: இரண்டு தடங்களை 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப நொடிக்கு 2.3 மெகாபிட் போதும், யுஎஸ்பி 2.0 தருவதோ 480 மெகாபிட்.

படி 6: பட்ஜெட்டைப் பிரித்து, பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் பணத்தையும் இன்டர்ஃபேஸில் போட்டுவிட்டு, கைப்பேசியோடு வந்த இயர்ஃபோனில் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மீட்டர் நீளமுள்ள நல்ல கிடார் கேபிளுக்கும், காதை மூடும் வகை ஹெட்ஃபோனுக்கும் முதலில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். 250 ஓம் போன்ற உயர்ந்த மின்மறுப்புள்ள ஹெட்ஃபோனைச் சின்ன இன்டர்ஃபேஸ்கள் போதிய சத்தத்துடன் ஓட்டுவதில்லை. 32 முதல் 80 ஓம் வரை உள்ளது பாதுகாப்பான தேர்வு.

மீதிப் பணத்தில், ஒரே நபர் பதிவதற்கு ஸ்கார்லெட் சோலோ, ஆடியன்ட் ஐடி4 போன்றவையும், இரண்டு மைக்குக்கு இடம் வேண்டுபவர்களுக்கு ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2 போன்றவையும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. இன்னும் குறைந்த விலையில் தேடுபவர்கள் பெரிங்கரின் யுஎம்சி22-க்கும் யுஎம்சி202ஹெச்டிக்கும் இடையே தயங்குவார்கள். தனி ஏஎஸ்ஐஓ டிரைவர் இருப்பதால், விண்டோஸ் பயனருக்கு இரண்டாவதையே நான் சொல்வேன். இந்தப் பெயர்களுக்குள் ஒலித்தரத்தில் உள்ள வேறுபாடு, உங்கள் பிக்கப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் கேட்கும் வேறுபாட்டைவிடச் சிறியது என்பது என் கருத்து. கைக்கு எட்டும் விலையில், அருகில் பழுதுபார்க்கவோ மாற்றிக்கொள்ளவோ வழியுள்ள கடையில் கிடைப்பதை வாங்கலாம்.

பழைய பெட்டியை வாங்குபவர்கள், இன்றைய இயங்குதளத்துக்கு அதன் டிரைவர் கிடைக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். ஃபயர்வயர் என்னும் பழைய வகை இணைப்புத் துளை கொண்டவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, ஜாக் ஆடுகிறதா, 48 வோல்ட் பொத்தானில் கண்டென்சர் மைக் உயிர்பெறுகிறதா என்பவற்றை விற்பவரின் முன்னிலையிலேயே சோதியுங்கள்.

படி 7: இணைத்து முதல் பதிவைச் செய்யுங்கள்

டிரைவரை முதலில் நிறுவிவிட்டு அதன் பிறகு பெட்டியைச் செருகுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். ஒலிப்பதிவு மென்பொருளாக மேக்கில் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸில் ரீப்பர் என்பதை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதன் அமைப்புகளில் ஒலிமுறையை ஏஎஸ்ஐஓ என்றும், கருவியை உங்கள் இன்டர்ஃபேஸ் என்றும், வேகத்தை 48,000 என்றும், பஃபரை 128 என்றும் வையுங்கள். வெடிப்போசை கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள். கேட்காவிட்டால் 64-க்கு இறக்கிப் பாருங்கள்.

புதிய தடம் ஒன்றைத் திறந்து, அதன் உள்ளீட்டை மோனோ என்று வைத்து, கிடாரைச் செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோ என்று வைத்தால் கிடார் ஒரு காதில் மட்டுமே கேட்கும். பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலருடைய சிக்கல் இதுதான். பிறகு நீங்கள் வாசிக்கக்கூடிய அளவிலேயே மிக ஓங்கி மீட்டிக்கொண்டு, அளவுமானியின் உச்சம் -12 டெசிபல் அருகில் நிற்கும்படி கெயின் குமிழைத் திருப்புங்கள். 24 பிட்டில் பதியும்போது அடித்தளத்தில் இடம் தாராளமாக இருப்பதால், பூஜ்யத்தை நெருங்க முயல வேண்டியதில்லை.

மென்பொருள் ஆம்பைத் தடத்தின் எஃபெக்டாக வையுங்கள். அப்போது பதிவாவது வெற்றுக் கிடார், கேட்பது ஆம்பின் ஒலி. ஒரு மாதம் கழித்து டிஸ்டார்ஷன் அதிகம் என்று தோன்றினால், மறுபடி வாசிக்காமலே குறைத்துக்கொள்ளலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆம்பை மட்டும் ஏற்றி, ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த ஐஆர் கோப்பை ஏற்றாமல் விட்டால், டப்பாவுக்குள் அடைத்த வண்டுபோல் ஒலிக்கும். அது இன்டர்ஃபேஸின் குற்றமில்லை.

படி 8: இரைச்சல் வந்தால்

கெயினைக் கூட்டியதும் ஓர் உறுமல் கேட்பது இயல்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த உறுமலும் அதன் மடங்குகளில் ஒலிக்கும். சிங்கிள் காயில் பிக்கப் அதை ஏரியல்போல் வாங்கிக்கொள்கிறது. கிடாரைப் பிடித்தபடி நாற்காலியில் மெல்லச் சுழன்று பாருங்கள். ஏதேனும் ஒரு திசையில் அது வெகுவாகக் குறையும், அந்தத் திசையில் அமர்ந்தே பதியுங்கள். சீற்றம்போல் கூர்மையாக ஒலித்தால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் டிம்மர் விளக்கையும் அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டால், மின்சுற்றின் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பதியும் பத்து நிமிடமும் பேட்டரியில் ஓட்டலாம், நிரந்தரத் தீர்வுக்கு எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக் பாயிண்டின் எர்த் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். இரைச்சலைக் குறைக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிடாரின் கம்பிகள் உலோகம், அவை எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன, அவற்றைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் கை.

இத்தனையும் செய்த பிறகும் உறுமல் நீடித்தால், கிடாரைக் கழற்றிவிட்டுக் கேபிளில்லாமல் அரை நிமிடம் பதிந்து பாருங்கள். அமைதியாக இருந்தால் கோளாறு கிடாரிலோ கேபிளிலோ அறையிலோ இருக்கிறது; அப்போதும் உறுமினால் கோளாறு பெட்டியிலோ யுஎஸ்பி வழியிலோ இருக்கிறது. வேறொரு கணினியில் செருகியும் அதே உறுமல் கேட்டால், அந்தப் பதிவையே சான்றாக எடுத்துக்கொண்டு, மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்குள் கடைக்குப் போங்கள்.